ஏர்பிரஷ்ஷுக்கு அக்ரிலிக் சாயத்தைக் கலப்பதும் சோதிப்பதும்: முழுமையான வழிகாட்டி

மாடல் கிட்டுக்கு, காற்றழுத்தத்தால் சாயத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் சாயம் அடிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “சாயம் எத்தனை பங்கு, தின்னர் எத்தனை பங்கு?” என்பதைத்தான். ஒரு விகிதத்தைச் சொன்னால் அதை அப்படியே குவளையில் ஊற்றி, நேராக மாடலின் மேல் அடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த விகிதம் எந்தச் சாயத்துக்கு, எந்தத் தின்னருக்கு, எந்த வானிலைக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் பயன்படும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதப்பட்ட விகிதம், மழை இறங்கும் மாலையில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு அஞ்சடித் தாழ்வாரத்தில் பொய்த்துப்போவது வியப்பில்லை.

ஆகவே இங்கே விகிதத்தைவிடச் சோதனைக்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படி சரியாக இருந்தால்தான் அடுத்த படியில் தெரியும் குறைக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியும்.

1. போத்தலில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொழுதுபோக்குக் கடைகளில் ‘அக்ரிலிக்’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வேறு வகைச் சாயங்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, ஆல்கஹாலும் கிளைக்கால் ஈதரும் கலந்த கரைப்பானில் பிசின் கரைந்திருக்கும் சாயம். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபி அக்வியஸ் வரிசையும் இதைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, நீரில் பிசின் நுண்துகள்களாக மிதக்கும் சாயம். வல்லெஹோ, ஏகே மூன்றாம் தலைமுறை, சிட்டடெல் முதலியன இந்த வகை. மூன்றாம் வகை அக்ரிலிக் லேக்கர். மிஸ்டர் கலர், டாமியா எல்பி ஆகியவற்றுக்கு லேக்கர் தின்னர் மட்டுமே பொருந்தும். மற்ற இரண்டு வகைகளுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு ஏற்பாடுகள் அவற்றுக்குப் போதா. இந்த வழிகாட்டி முதல் இரண்டு வகைகளுக்கானது.

வகையைத் தவறவிடுவதற்குப் போத்தல்களே ஒரு காரணம். மிஸ்டர் கலரையும் மிஸ்டர் ஹாபி அக்வியஸையும் தயாரிப்பது ஒரே நிறுவனம். எண்ணுக்கு முன்னால் ‘எச்’ என்று இருந்தால்தான் அது அக்வியஸ். டாமியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. எக்ஸ்எஃப்-1 என்ற எண்ணில் அக்ரிலிக்கும் இருக்கிறது, எனாமலும் இருக்கிறது. அக்ரிலிக்குக்கு உரிய தின்னர் எக்ஸ்-20ஏ. எனாமலுக்கு உரியது எக்ஸ்-20. அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, சாயம் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய போத்தலின் ஒட்டுத்தாள் கிழிந்திருந்தால் ஒரு துளியை நீரில் விட்டுப் பாருங்கள். நீரோடு சேராமல் தனியே திரண்டு நின்றால் அது லேக்கரோ எனாமலோதான். நீரில் கலந்து, மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிட் வாடையும் வீசினால் பெரும்பாலும் முதல் வகை. நீரில் கலந்து, அந்த வாடை இல்லையென்றால் இரண்டாம் வகை.

2. தின்னரை வகைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

முதல் வகைக்கு எக்ஸ்-20ஏ பாதுகாப்பான தொடக்கம். அதைவிட மெதுவாக உலர்ந்து, சாயத்தைப் பரப்பில் நன்றாகச் சமன்படவிடுவது மிஸ்டர் லெவலிங் தின்னர். அது லேக்கர் தின்னராக இருந்தாலும் டாமியா அக்ரிலிக்கோடும் அக்வியஸோடும் நன்றாகக் கலக்கும். நம் ஊர் வெப்பத்தில் நான் அதையே விரும்புகிறேன். ஆனால் அதன் ஆவி கடுமையானது. முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது.

பார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் டாமியா சாயத்தைக் கரைக்கும். விலை குறைவு என்பதால் பலர் அதை நாடுகிறார்கள். நண்பகல் வெப்பத்தில் அது சாயம் பரப்பைத் தொடும் முன்பே ஆவியாகி, பொடி படிந்தது போன்ற சொரசொரப்பைத் தந்துவிடுகிறது. துடைப்பதற்கும் கழுவுவதற்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகைக்கு அந்தந்த நிறுவனத்தின் ஏர்பிரஷ் தின்னரே ஏற்றது. அவசரத்துக்கு நீர் போதும். ஆனால் வெறும் நீரின் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் சாயம் பிளாஸ்டிக்கின் மேல் சமமாகப் பரவாமல் துளித்துளியாகச் சுருளும். தயாரிப்பாளரின் தின்னரில் அதைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். நீர் சேர்ப்பதானால் கார் பட்டறையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். போத்தலில் இருப்பது நீர்தான், அமிலம் அல்ல என்பதை ஒட்டுத்தாளில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை.

ஹார்ட்வேர் கடைத் தின்னரை எந்த அக்ரிலிக்கிலும் கலக்க வேண்டாம். அதில் என்னென்ன கரைப்பான்கள் எந்த அளவில் இருக்கின்றன என்பது கடைக்குக் கடை மாறும். சில கலவைகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரித்து, மேற்பரப்பில் நுண்விரிசல்களை உண்டாக்கிவிடும்.

3. மேசையில் இருக்க வேண்டியவை

ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சுகள் சில, மூடியுள்ள சிறு குவளைகள், பல்குச்சி, கிளறுவதற்கு ஓர் எஃகுக் கரண்டி, மாடலுக்கு ஒட்டும் மெல்லிய மறைப்பு நாடா, சாயத்துக்குக் கீழே அடிக்கும் பிரைமர், குறிப்பேடு, ஈரப்பதமானி ஆகியவை போதும். துளிக்கணக்கில் அளப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பிப்பெட்டுக்குப் பிப்பெட் துளியின் அளவு மாறும். கெட்டியான சாயத்தின் துளி தின்னரின் துளியைவிடப் பெரியது. சிரிஞ்சு அந்த ஐயத்துக்கே இடம்தராது.

சோதனைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகள் வேண்டும். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைப்பவைதான். ஆனால் வாங்கும் முன் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றிருந்தால் அது பாலிஸ்டைரீன். பெரும்பாலான மாடல் கிட்டுகளின் பிளாஸ்டிக்கும் அதுதான். 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். அதன் மேல் எந்தச் சாயமும் நன்றாகப் பிடிக்காது. நல்ல கலவையும் உரிந்துவந்து உங்களை ஏமாற்றும். கையால் வளைத்தால் சட்டென முறிவது 6, வளைந்து வெளுத்துப்போய் முறியாமல் நிற்பது 5. எதுவும் கிடைக்கவில்லையென்றால், பாகங்களை வெட்டி எடுத்தபின் மீதமிருக்கும் கிட்டின் சட்டத்தைவிட நம்பகமான சோதனைப் பொருள் வேறில்லை. அதைக் குப்பையில் போடாதீர்கள்.

மூச்சுக்கு முகமூடி கட்டாயம். நீர் வகைச் சாயத்தின் துகளுக்கு என்95 போதும். முதல் வகையின் கரைப்பான் ஆவியை என்95 தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்கான வடிகலன் பொருத்திய முகமூடி வேண்டும். சாயம் அடிக்கும் இடத்தில் சாமி மேடை விளக்கு, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எதுவும் எரியக் கூடாது. ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். கொசுவத்தியும் ஒரு நெருப்புதான் என்பது மறந்துபோகிறது.

4. வேளையைப் பார்த்துத் தொடங்குங்கள்

விடியற்காலையில் வெயில் இல்லாததால் அந்த நேரம் நல்லது என்று நினைப்பார்கள். உண்மையில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். வெயில் ஏற ஏற அது குறைந்து, பிற்பகல் மழைக்கு முன் தாழ்ந்து, மழை இறங்கியதும் மறுபடி ஏறிவிடும். பனி விலகிய பின் தொடங்கி, மழை மேகம் திரளும் முன் முடிக்கக்கூடிய முற்பகல் நேரமே நமக்கு வாய்ப்பானது. ஈரப்பதமானி 80 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், பளபளப்புச் சாயத்தை அன்று தொடாமல் பாகங்களைக் கழுவும் வேலையையோ உப்புத்தாள் தேய்க்கும் வேலையையோ செய்வது நல்லது. குளிர்சாதன அறை ஈரத்தைக் குறைக்கும். ஆனால் காற்றை வெளியேற்றும் வழி இல்லாத மூடிய அறையில் கரைப்பான் சாயம் அடிக்கக் கூடாது.

5. சாயத்துக்கு முன் காற்றைச் சோதியுங்கள்

கம்ப்ரசர் இழுக்கும் காற்றில் உள்ள ஈரம், அழுத்தப்பட்டுக் குளிரும்போது நீராகிக் குழாயில் தங்கும். அது சாயத்தோடு சேர்ந்து துப்பினால் நீங்கள் கலவையைத்தான் குறை சொல்வீர்கள். ஆகவே ஏர்பிரஷ்ஷின் குவளை காலியாக இருக்கும்போதே, ஒரு கறுப்புத் தாளின் மேல் அரை நிமிடம் வெறும் காற்றை அடித்துப் பாருங்கள். ஒரு நீர்ப்பொட்டு தெரிந்தாலும் ஈரவடிகட்டியையும் தொட்டியின் அடித்திருகையும் திறந்து நீரை வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

அழுத்தத்தை ஏர்பிரஷ்ஷின் விசையை அழுத்திக்கொண்டே அமையுங்கள். காற்று ஓடாதபோது மானி காட்டும் எண், ஓடும்போது இறங்கிவிடும். 0.3 மில்லிமீட்டர் முனைக்கு முதல் வகைச் சாயத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ.யிலும், நீர் வகையை 20 முதல் 25 பி.எஸ்.ஐ.யிலும் தொடங்கலாம். 14.5 பி.எஸ்.ஐ. ஒரு பார்.

6. போத்தலைக் குலுக்குவது போதாது, கிளறுங்கள்

மங்கல் சாயத்தின் மங்கலுக்குக் காரணமான பொடியும் நிறமியும் போத்தலின் அடியில் படிந்து இறுகிக் கிடக்கும். மேலே நிற்கும் தெளிவான திரவத்தை மட்டும் எடுத்துக் கலந்தால் நிறம் மூடாது. மங்கலாக இருக்க வேண்டியது பளபளக்கும். அப்போது எந்த விகிதமும் உதவாது. எஃகுக் கரண்டியை அடிவரை விட்டுச் சுரண்டிக் கிளறுங்கள். கரண்டியை எடுத்தால் அதன் நுனியில் கட்டி ஒட்டியிருக்கக் கூடாது.

சொட்டுப் போத்தலில் வரும் நீர் வகைச் சாயத்தில் கரண்டி நுழையாது. அதற்குள் ஓர் எஃகு உருண்டையைப் போட்டுக் குலுக்கலாம். துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து வாங்குங்கள். சைக்கிள் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பால்ரஸ் நீர்ச் சாயத்தில் துருப்பிடித்து, வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். முதல் துளி கண்ணாடி போலத் தெளிவாக வந்தால் இன்னும் கலக்கவில்லை என்று பொருள். மூடிவிட்டு மறுபடி குலுக்குங்கள்.

7. பொருந்துமா என்று ஒரு துளியில் பாருங்கள்

ஒரு வெள்ளைத் தட்டில் சாயத்தில் ஒரு துளியும் தின்னரில் ஒரு துளியும் விட்டுப் பல்குச்சியால் கலந்து, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு தட்டைச் சாய்த்துப் பாருங்கள். சீரான நிறத்தோடு வழிந்தால் சரி. குச்சியை இழுக்கும்போது நூல்போல வந்தாலோ, சிறு சிறு துணுக்குகள் தெரிந்தாலோ, கூழாக இறுகினாலோ அந்த இரண்டும் பொருந்தாதவை. நீர் வகைச் சாயத்தில் ஆல்கஹால் சேர்ந்தால் நடப்பது இதுதான்: மிதந்துகொண்டிருந்த பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரண்டதை மறுபடி கரைக்க வழியில்லை. இது ஏர்பிரஷ்ஷின் முனைக்குள் நடந்தால் முனையைக் கழற்றி ஊசியால் நோண்ட வேண்டிவரும். 0.2 மில்லிமீட்டர் முனை அந்த நோண்டலைத் தாங்குவதில்லை.

புதிய நிறுவனத்தின் சாயம் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

8. வெளியே கலந்து, பிறகு குவளைக்கு

சோதனைக்கு அரை மில்லிலிட்டர் சாயம் தாராளம். ஏர்பிரஷ்ஷின் குவளைக்குள்ளேயே கலக்காமல் தனிக் குவளையில் கலக்குங்கள். நேரடியாகக் குவளையில் ஊற்றினால், கலக்காத கெட்டிச் சாயம் ஊசியைச் சுற்றி முதலில் இறங்கி முனையை அடைக்கும். தின்னரை முதலில் விட்டு, அதில் சாயத்தைச் சேர்த்துக் கிளறினால் கட்டி விழாது.

தொடங்குவதற்கான அளவுகள் இவை. டாமியா எக்ஸ் வரிசைக்குச் சாயம் ஒரு பங்கு, தின்னர் ஒரு பங்கு. மங்கலான எக்ஸ்எஃப் வரிசைக்கு ஒன்றுக்கு ஒன்றரை. லெவலிங் தின்னரோடு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை. நீர் வகையில் தூரிகைக்கென்று கெட்டியாகத் தயாரிக்கப்பட்ட சாயத்துக்கு ஒன்றுக்கு ஒன்று. ஏர்பிரஷ்ஷுக்கென்றே தயாரிக்கப்பட்டதற்குப் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. ஏர்பிரஷ் சாயத்துக்குத் தின்னரே வேண்டாம் என்று போத்தல் சொன்னாலும், நம் ஊர் வெப்பத்தில் அந்த ஒரு பங்கு முனை உலர்வதைக் குறைக்கும்.

எல்லா வழிகாட்டிகளும் “பால் பதம்” என்று சொல்லும். நம்மவர்களிடம் இதைச் சொன்னால், தேத்தண்ணீருக்கு ஊற்றும் சுசுவை, அதாவது கெட்டியான டின் பாலை, நினைத்துக்கொண்டு கெட்டியாகவே விட்டுவிடுகிறார்கள். பசும்பால் என்று திருத்திச் சொன்னாலும் உலோக நிறங்களுக்கும் ஒளி ஊடுருவும் நிறங்களுக்கும் அது பொருந்தாது. அதற்குப் பதிலாகக் குவளையின் சுவரைப் பாருங்கள். பல்குச்சியால் கலவையைச் சுவரின் மேல் ஏற்றிவிடுங்கள். அது தயங்காமல் இறங்கி, பின்னால் மெல்லிய, நிறமுள்ள படலத்தை விட்டுச்செல்ல வேண்டும். தடித்த பட்டையாக நின்றால் கெட்டி. சுவர் உடனே வெறுமையாகி, நிறம் விளிம்பில் கோடாக ஒதுங்கினால் நீர்த்துவிட்டது.

கெட்டியாக இருந்தால் பத்தில் ஒரு பங்காகத் தின்னரைச் சேர்த்துச் செல்லுங்கள். நீர் வகையில் தின்னரை மிக அதிகமாக ஏற்றினால் பிசின் மெலிந்து, உலர்ந்த பின் நகத்துக்கே உரியும். இன்னும் சரளமாக ஓட வேண்டுமென்றால் ஓட்டத்தைக் கூட்டும் திரவத்தில் ஓரிரு துளி சேர்ப்பது நல்லது.

9. தாளில் ஓட்டத்தை மட்டும் பாருங்கள்

கலவையை மெல்லிய நைலான் துணியில் வடித்துக் குவளையில் ஊற்றி, தாளின் மேல் புள்ளியும் கோடும் அடியுங்கள். புள்ளி வட்டமாக வருகிறதா, கோடு விட்டுவிட்டு வருகிறதா, துப்புகிறதா என்பதை மட்டும் தாளில் அறியலாம். மேற்பரப்பு எப்படி அமையும் என்பதைத் தாள் சொல்லாது. அது சாயத்தை உறிஞ்சி, வழிவதையும் சொரசொரப்பையும் மறைத்துவிடும். தாளில் அழகாக வந்தது என்று மாடலுக்குப் போகிறவர்கள் அடுத்த படியைத் தவிர்க்கிறார்கள். புதியவர்களின் மாடல்களில் நான் காணும் குறைகளில் பெரும்பகுதி இந்தத் தாவலில் தொடங்குகிறது.

10. கரண்டிச் சோதனை

இதுதான் வழிகாட்டியின் மையம், அவசரப்பட வேண்டாம்.

கரண்டியைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி உலர்த்தி, ஒரு பாதிக்கு மட்டும் பிரைமர் அடித்து, அது நன்றாக உலரும்வரை வைத்திருங்கள். ஒரே சாயம் பிரைமரின் மேலும் வெறும் பிளாஸ்டிக்கின் மேலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அருகருகே காட்டவே இந்த ஏற்பாடு. கரண்டியின் பிடியில் சாயம், தின்னர், விகிதம், அழுத்தம், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றை அழியாத மையால் எழுதிவிடுங்கள். கரண்டியைத் துணி கிளிப்பில் மாட்டினால் விரல் படாது.

புறவளைவைத் திருப்பிப் பிடியுங்கள். டிராக்டரின் மட்கார்டுக்கும் விமானத்தின் உடலுக்கும் உள்ள வளைவை ஒத்தது அது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் தொலைவில், கரண்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதற்பூச்சு ஒரு தூறல்தான். பிளாஸ்டிக் இன்னும் தெரிய வேண்டும். அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ள அது ஒரு பிடிமானம் தருகிறது. இரண்டு மூன்று நிமிடம் விட்டு, இரண்டாம் பூச்சை ஈரமாக அடியுங்கள்.

இரண்டாம் பூச்சின்போது கரண்டியைச் சன்னலின் ஒளிக்குச் சாய்த்துப் பிடித்து, சாயம் விழும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் கண்ணை வையுங்கள். அங்கே ஈரத்தின் பளபளப்பு ஒரு பட்டையாக நகர்ந்து வரும். அந்தப் பட்டை இரண்டு மூன்று வினாடி நின்று, தானாகவே சமன்பட்டு மங்க வேண்டும். பளபளப்பே தோன்றவில்லையென்றால் சாயம் காற்றிலேயே உலர்ந்து விழுகிறது. பட்டை மங்காமல் கீழ்நோக்கித் தடிக்கத் தொடங்கினால் வழியப்போகிறது. இந்த இரண்டு வினாடியைப் பார்க்கப் பழகியவருக்கு விகிதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவப்பும் மஞ்சளும் மூன்று நான்கு பூச்சு கேட்கும். தோட்டத்துச் சிவப்பு டிராக்டரைச் செய்கிறவர்கள், நிறம் மூடவில்லை என்று சாயத்தைக் கெட்டியாக்குவதுண்டு, அது தவறு. சாம்பல் பிரைமருக்குப் பதிலாக வெள்ளையோ இளஞ்சிவப்போ கீழே போட்டால் அதே மெல்லிய கலவை போதும்.

11. குறையைப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

தின்னரையும் அழுத்தத்தையும் தொலைவையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. கீழே உள்ளவற்றில் உங்கள் குறையைக் கண்டறிந்து, அதற்குச் சொன்ன முதல் மாற்றத்தை மட்டும் செய்து, புதிய கரண்டியில் அடித்துப் பாருங்கள்.

சொரசொரப்பு: நகத்தால் மெல்ல இழுத்தால் பொடி உதிரும். முதலில் அருகே வாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் நெருங்கினால் போதும். அது போதாவிட்டால் தின்னரைக் கூட்டுங்கள். மூன்றாவதாக, உலர்வைத் தாமதிக்கும் ரிட்டார்டரைச் சாயத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேருங்கள். மிகுந்தால் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தைக் கூட்டுவது இந்தக் குறையை அதிகப்படுத்தும். பலர் முதலில் செய்வது அதைத்தான்.

ஆரஞ்சுத்தோல்: மேற்பரப்பு முழுதும் சிறு குழிகள். கலவை கெட்டி என்பதே முதற்காரணம், தின்னரைக் கூட்டுங்கள்.

சிலந்திக்கால்: புள்ளியிலிருந்து சாயம் கால்களாக ஓடும். நீர்த்திருக்கலாம், அழுத்தம் மிகுந்திருக்கலாம், மிக அருகே வந்திருக்கலாம். முதலில் அழுத்தத்தை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறையுங்கள். நின்றுவிட்டால் கலவையைத் தொட வேண்டாம்.

முனை உலர்தல்: நன்றாக வந்துகொண்டிருந்த கோடு மெலிந்து, நின்று, பிறகு திடீரெனத் துப்பும். ஊசியின் நுனியைப் பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் உலர்ந்த சாயம் ஒரு சிறு வளையமாகப் படிந்திருக்கும். நீர் வகையில் இது இயல்பு. தின்னரில் நனைத்த தூரிகையால் நுனியை அவ்வப்போது துடைப்பதே மருந்து. இதற்காக உடனே விகிதத்தை மாற்றாதீர்கள்.

வெண்மூட்டம்: பளபளப்பான கறுப்பிலோ அடர்நீலத்திலோ பால்நிறப் படலம் விழும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. நம் ஊர் மழைமாலையின் தனிச்சொத்து இது. ஆல்கஹாலைக் கூட்டினால் இன்னும் குளிரும், இன்னும் வெளுக்கும். மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். ஏற்கெனவே வெளுத்ததன் மேல் மறுநாள் முற்பகலில் லெவலிங் தின்னரை மட்டும் தூறலாக அடித்தால் பல சமயம் தெளியும். முதலில் கரண்டியில் அதைச் செய்து பாருங்கள்.

மீன்கண்: சாயம் ஓரிடத்தைச் சுற்றி விலகி வட்டமாக ஒதுங்கும். அங்கே எண்ணெய் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோ, ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோ பாகத்தைத் தொட்டிருக்கும். இதற்குக் கலவையில் மருந்து இல்லை. பாகங்களைக் கழுவுவதே வழி. கரண்டி சுத்தமாக வந்து மாடலில் மட்டும் இது தோன்றினால் ஐயமே வேண்டாம்.

குவளையில் குமிழி: இது சாயத்தின் குறையன்று. முனையின் மூடி இறுகவில்லை, அல்லது அதன் அடைப்பு வளையம் தேய்ந்திருக்கிறது.

12. நாடாச் சோதனை

நிறம் சரியாக அமைந்த கரண்டியை ஒரு முழு நாள் உலரவிடுங்கள். அடைமழைக் காலத்தில் இரண்டு நாள். தொட்டால் ஒட்டவில்லை என்பது உலர்ந்ததற்கு அடையாளமன்று. மேல் தோல் உலர்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கும். பிறகு நாடாவை அழுத்தி ஒட்டி, மடக்கினாற்போல் மெதுவாக உரியுங்கள்.

பிரைமர் பாதியில் சாயம் நின்று, வெறும் பிளாஸ்டிக் பாதியில் உரிந்துவந்தால், நீர் வகைக்கு அது எதிர்பார்த்ததே. பிரைமர் இல்லாமல் மாடலுக்குப் போகாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். இரண்டு பாதியிலும் உரிந்தால் கலவை மிக நீர்த்திருக்கிறது, அல்லது கரண்டி 5ஆம் எண் பிளாஸ்டிக். பிரைமரோடு சேர்ந்து உரிந்தால் பிரைமருக்குக் கீழே அழுக்கு இருக்கிறது.

மேலே தெளிபூச்சு அடிக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் இதே கரண்டியில் அடித்துப் பாருங்கள். கடுமையான லேக்கர் தெளிபூச்சை ஈரமாக அடித்தால் கீழுள்ள அக்ரிலிக் சுருங்கி வெடிக்கலாம். தூறலாகத் தொடங்கினால் தாங்கக்கூடும். மாடலில் செய்யப்போகும் அடுக்குகள் அனைத்தும், அதே வரிசையில், கரண்டியில் முதலில் நடந்திருக்க வேண்டும்.

13. மாடலுக்குப் போகும்போதும் அதன் பிறகும்

கரண்டிக்குக் கலந்த அதே விகிதத்தில், மாடல் முழுவதற்கும் போதுமான அளவை ஒரே தடவையில் கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் மங்கலும் நிறமும் சற்றே மாறும், குறிப்பாக நீங்களே இரண்டு நிறங்களைச் சேர்த்து உண்டாக்கிய நிறத்தில். குவளையை நிரப்பும் ஒவ்வொரு முறையும் கிளறுங்கள். உலோக நிறத்தின் துகள்கள் நிமிடக்கணக்கில் அடியில் படிந்துவிடும்.

நிறம் மாற்றும்போது முதல் வகைக்கு அதன் தின்னரையும், நீர் வகைக்கு முதலில் நீரையும் பிறகு அதற்குரிய கழுவுதிரவத்தையும் ஓட்டுங்கள். நீர்ச் சாயம் இருந்த குவளையில் நேராக ஆல்கஹாலை ஊற்றினால் ஏழாம் படியில் பார்த்த திரட்சி இங்கே நடக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தால் கழுவுகிறவர்கள் அதில் ஏர்பிரஷ்ஷை ஊறவைக்க வேண்டாம். பித்தளை உடலையும் அதன் மேல்முலாமையும் அது அரிக்கும்.

மீந்த கலவையைப் போத்தலில் திருப்பி ஊற்றக் கூடாது. முழுப் போத்தலின் விகிதமும் கெட்டுவிடும். முதல் வகைக் கலவையை இறுக மூடிய குவளையில் சில வாரம் வைத்திருக்கலாம். நீர் வகைக் கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள். கழிவுத் தின்னரை வீட்டுக்கு முன்னால் ஓடும் வடிகாலில் ஊற்றாமல், பழந்துணியில் தோய்த்து, நெருப்பில்லாத திறந்த வெளியில் ஆவியாகவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

சோதித்த கரண்டிகளில் ஓட்டை போட்டு வளையத்தில் கோத்து வையுங்கள். அடுத்த கிட்டுக்கு அதே நிறம் தேவைப்படும்போது பிடியில் எழுதியதைப் படித்து, அந்த விகிதத்திலிருந்து தொடங்கலாம். வானிலை அன்றைப் போல் இல்லையென்றால் பத்தாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள்.